பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட் ஏன் மங்குகிறது?

இரவில் காரில் பாட்டைச் சத்தமாக வைத்தால், பாஸ் எனும் தாழ்ந்த ஒலியைத் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கர் ‘டம்’ என்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹாலஜன் ஹெட்லைட் லேசாக மங்குவதைப் பார்க்கலாம். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமித்து வைத்துச் சட்டென்று தரும் கருவி) போட்டால் சரியாகிவிடும் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

1000 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து 1000 வாட் தரக்கூடிய ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். கிளாஸ் டி வகை, வாங்கும் சக்தியில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். ஆக, முழுச் சத்தத்தில் அதற்கு 1250 வாட் வேண்டும், 12.5 வோல்ட்டில் அது 100 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது ஆல்டர்னேட்டர்; சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பலவற்றால் இதைத் தர முடியாது. அப்போது 14.2 வோல்ட்டில் நின்ற மின்னழுத்தம் பேட்டரியின் 12.6 வரை இறங்கும். ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகக் குறையும் என்பதால், இந்த இறக்கத்திலேயே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும்.

இனி கெபாசிட்டர். 1 ஃபாரட் என்றால், மின்னழுத்தம் 1 வோல்ட் இறங்கும்போது 1 கூலும் மின்னூட்டம் வெளியே வரும். ஒரு ஆம்பியரை ஒரு விநாடிக்குத் தரலாம்; 100 ஆம்பியர் என்றால் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குதான். 14.2-இலிருந்து 12.6 வரை முழுதாகப் பிழிந்தாலும் 0.016 விநாடி. டிரம்மின் ஒரு அடியே இதைவிடப் பல மடங்கு நீளம். கால் விநாடி அடியைத் தாங்க 15 ஃபாரட்டுக்கு மேல் வேண்டும். கொடுத்ததைத் திரும்ப நிரப்பிக்கொள்வதும் அதே ஆல்டர்னேட்டரிடமிருந்துதான்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். 40 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபையர், ஒவ்வொரு அதிர்வுக்கும் இரண்டு முறை என்று, விநாடிக்கு 80 முறை மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 0.0125 விநாடி. கெபாசிட்டரின் கைக்கு எட்டும் கால அளவு இதுதான். இந்த ஏற்ற இறக்கத்தை அது நன்றாகவே சமன்செய்யும். ஆனால் ஹெட்லைட் கண்ணுக்குத் தெரியும்படி மங்கினால், கோளாறு முன்பக்கம், ஆல்டர்னேட்டரிலோ பேட்டரி இணைப்பிலோ இருக்கிறது. அதற்கு இது மருந்தில்லை. ஒயரையும் பாருங்கள். ஐந்து மீட்டர் நீளமுள்ள 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 100 ஆம்பியரில் ஏறக்குறைய 0.9 வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். 35 சதுர மில்லிமீட்டர் என்றால் கால் வோல்ட். என் கருத்தில் முதல் காசு இந்த ஒயருக்குத்தான் போக வேண்டும்.

சரி, பொருத்துவது எப்படி? ஆம்ப்ளிஃபையரின் பிளஸ், மைனஸ் முனைகளுக்குப் பக்கவாட்டு இணைப்பாக, முடிந்தவரை அருகில். ஒயர் நீண்டால் கெபாசிட்டரின் வேகம் வீணாகும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்குங்கள். மெயின் பியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

பிளஸ், மைனஸ் மாறவே கூடாது. உள்ளே அலுமினியத் தாள்மேல் இருக்கும் சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. தலைகீழாக இணைத்தால் அது சிதையும். சூடேறி, வாயு சேர்ந்து, கெபாசிட்டர் வெடிக்கவும் கூடும்.

காலியான கெபாசிட்டரை நேராகப் பேட்டரியில் வைத்தால், அந்த நொடியில் அது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். தீப்பொறி பறக்கும், பியூஸ் போகும். அதனால் முதலில் பியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை இணையுங்கள். பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, அணையும். அணைந்தால் நிரம்பிவிட்டது, பல்பை எடுத்துவிட்டுப் பியூஸைப் போடலாம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ இணைப்புத் தவறு, அதைக் கண்டுபிடிக்கும்வரை பியூஸைத் தொடாதீர்கள்.

கழற்றும்போதும் இதே பல்புதான். முதலில் பியூஸை எடுத்துவிட்டு, கெபாசிட்டரின் இரு முனைகளுக்குக் குறுக்கே பல்பை வைத்து, அது அணையும்வரை காத்திருங்கள். ஸ்பேனரை வைத்து ஷார்ட் செய்து காலி செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு. 14 வோல்ட்டில் 1 ஃபாரட் கிட்டத்தட்ட 98 ஜூல் ஆற்றலை வைத்திருக்கிறது. அது ஒரே கணத்தில் வெளியேறினால் உலோகம் உருகித் தெறிக்கும்.