மலையில் கொதிக்கும் நீரும் தாளிக்கும் எண்ணெயும்

நுவரெலியாவில் எங்கள் குசினியில் சாம்பாருக்காக வைத்த துவரம் பருப்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வுகூட வெப்பமானி ஒன்றைப் பானைக்குள் இறக்கிப் பார்த்தேன். அது 94 பாகை செல்சியஸில் நின்றது. அடுப்பில் மேலும் இரண்டு விறகுகளைத் தள்ளினேன். கொதி பொங்கி மேலெழுந்ததே தவிர, வெப்பமானி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "இவ்வளவு நேரமாக் கொதிக்குது, பருப்பு இன்னும் மசியலையே, பழைய பருப்பா?" என்று கொழும்பிலிருந்து வந்திருந்த சின்னம்மா கேட்டதற்கு விடை பருப்பில் இல்லை, அந்த 94 என்ற எண்ணில்தான் இருந்தது.

நீர் கொதிப்பது என்பது அதன் ஆவி தன்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டல அமுக்கத்துக்கு ஈடுகொடுத்து, குமிழ்களாக வெளியேறத் தொடங்குவதாகும். கடல் மட்டத்தில் அந்த நிலையை எட்ட 100 பாகை தேவைப்படுகிறது. மேலே ஏற ஏற நம் தலைக்கு மேலுள்ள காற்று குறைவதால் அமுக்கமும் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது கரையோரத்து அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே நீர் கண்டியில் ஏறத்தாழ 98 பாகையிலும், ஹற்றனில் 96 பாகையிலும், நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதித்துவிடுகிறது. கொதிக்கத் தொடங்கிய பின் நாம் கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதில் செலவாகிறதேயன்றி, நீரின் சூட்டைக் கூட்டுவதில்லை. எனவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடியிட்டாலும் பருப்பு அதே நேரத்தில்தான் வேகும். 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடைக்காமல் வரிசையில் நின்ற எங்களுக்கு இது சிறிய விடயமன்று.

ஆறு பாகைதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் காய்கறியும் பருப்பும் வேகுதல் என்பது முதன்மையாக அவற்றின் கலச்சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைந்து போவதாகும். உள்ளேயிருக்கும் மாப்பொருள் 60, 70 பாகையிலேயே நீரை உறிஞ்சிக் குழைந்துவிடும். பெக்டினோ 85 பாகையைத் தாண்டிய பிறகே குறிப்பிடத்தக்க விரைவில் சிதையத் தொடங்குகிறது. அதற்கு மேலே ஒவ்வொரு பாகையும் பெறுமதியுடையது. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இத்தகைய மாற்றங்களின் விரைவு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், ஆறு பாகை இழப்பு சமையல் நேரத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் சமவெளிகளிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த நம் முன்னோர், சாம்பாரையும் ரசத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவற்றின் பக்குவம் கீழ்நாட்டு நீருக்கென அமைந்தது; லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) அடுப்பில் அதைத் திருத்திக்கொண்டவர்கள் நம் பாட்டிமார்தான்.

அந்தத் திருத்தங்களில் பலவற்றுக்கு இன்று காரணம் சொல்ல முடிகிறது. கடலையை இரவு ஊறவைக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால், உப்பிலுள்ள சோடியம் தோலின் பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கல்சியத்தை ஓரளவு வெளியேற்றிவிடுவதால் தோல் விரைவில் மென்மையாகிறது. அப்பச்சோடா இதைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் அது விற்றமின் பி1ஐ அழிப்பதோடு மஞ்சளின் நிறத்தையும் சிவப்பாக்கிவிடுகிறது என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். புளியும் தக்காளியும் இதற்கு நேர் எதிரானவை. அமிலத்தில் பெக்டின் எளிதில் கரைவதில்லை; கீழ்நாட்டில் பருப்போடு சேர்த்தே புளியைக் கரைத்து ஊற்றினாலும் சமாளித்துவிடலாம், இங்கே அப்படிச் செய்தால் பருப்பு மணிமணியாகவே நின்றுவிடும். பிரஷர் குக்கர் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் அதன் மூடிமேல் வைக்கும் எடை வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவையே சேர்க்கிறது என்பதால், கடற்கரையில் 121 பாகை தரும் குக்கர் இங்கே ஏறத்தாழ 117 பாகையைத்தான் தரும். விசில் ஒன்றிரண்டைக் கூட்டுவது அதனால்தான்.

கரட் வேறொரு பாடத்தைக் கற்றுத் தருகிறது. மழைக்காலத்தில், ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும் அடுப்பில், குழாயிலிருந்து பிடித்த குளிர்ந்த நீரோடு கரட் துண்டுகளைப் போட்டு வைத்தால், ஒரு மணி நேரம் கழித்தும் அவை கரண்டிக்கு அடங்காமல் விறைத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இதற்கு மலையின் உயரம் மட்டும் காரணமன்று. கரட்டின் கலச்சுவரில் உள்ள நொதியம் (என்சைம்) ஒன்று 55 முதல் 65 பாகை வரையான சூட்டில் சுறுசுறுப்படைந்து பெக்டினைச் சற்றே மாற்றியமைக்கிறது. மாறிய பெக்டின் அங்கேயுள்ள கல்சியத்தைப் பற்றிக்கொண்டு முன்னைவிட உறுதியாகிறது. மந்தமான தீயில் பானை அந்த இடைச்சூட்டை மெல்ல மெல்லக் கடக்கும்போது நொதியத்துக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. அதன் பின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் துண்டு முழுமையாகக் குழைவதில்லை. நீர் நன்றாகக் கொதித்த பிறகே கரட்டைப் போட்டால், நொதியம் வேலை தொடங்குமுன்பே அழிந்துவிடும். உருளைக்கிழங்கிலும் இதையே காணலாம். குருமாவில் துண்டுகள் கரையாமல் நிற்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதே இயல்பை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளவும் முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் நீரைப் பற்றியது. எண்ணெய்க்கு மலையும் ஒன்றுதான், கடற்கரையும் ஒன்றுதான். சமையல் சூட்டில் எண்ணெய் கொதிப்பதே இல்லை என்பதால், அமுக்கம் அதற்கு எல்லை வகுப்பதில்லை. 94 பாகைக்கு மேல் ஏற மறுக்கும் நீர் செய்யமுடியாததை எண்ணெய் தாராளமாகச் செய்கிறது. மலைநாட்டுச் சமையலில் தாளிப்பு இத்தனை முக்கியமானது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

கடுகை உற்றுப் பாருங்கள். எண்ணெயில் விழுந்ததும் சில நொடிகள் அசையாமல் கிடக்கிறது. பின்பு ஓரிரண்டு உருள்கின்றன. உள்ளிருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கும்போது வெடிக்கத் தொடங்குகின்றன. அந்த வெடிப்பே எண்ணெய் பக்குவமாகிவிட்டதைக் காட்டும் வெப்பமானி. கடுகின் காட்டம் விதைக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. சினிகிரின் என்ற பொருளும் அதை உடைக்கும் நொதியமும் தனித்தனியாக அடைபட்டிருக்கின்றன. அச்சாறுக்காகப் பச்சைக் கடுகை நீர் தெளித்து அரைக்கும்போது இரண்டும் சந்தித்து, மூக்கைத் தாக்கும் காட்டம் பிறக்கிறது. சூடான எண்ணெயில் நொதியம் முதலிலேயே அழிந்துவிடுவதால், தாளித்த கடுகு காட்டமின்றி வறுத்த மணத்தோடு மட்டும் இருக்கிறது. சீரகமும் செத்தல் மிளகாயும் வெங்காயத்துக்கு முன்னர் இடப்படுவதற்கும் காரணம் உண்டு. வெங்காயம் விழுந்ததும் அதன் நீர் ஆவியாகி எண்ணெயின் சூட்டைப் பெரிதும் தணித்துவிடும். அதற்குப் பின் எந்த மசாலாவும் சரியாகப் பொரியாது.

கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாம் கடுகின் குடும்பத்தைச் சேர்ந்தவை, அதே வகையான கந்தகச் சேர்மங்களைக் கொண்டவை. கோவாவை நீரில் நெடுநேரம் அவித்தால் அந்தச் சேர்மங்கள் சிதைந்து, வீடெங்கும் பரவும் நாற்றம் எழுகிறது. வேகவில்லையே என்று கூடுதல் நேரம் அவிக்கும் பழக்கம் மலையில் எளிதில் வந்துவிடும் என்பதால், கோவாவை மெல்லியதாக அரிந்து, தாளித்த எண்ணெயில் சில நிமிடங்கள் பிரட்டி எடுப்பதே நல்லது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். கரட் பொரியலையும் பீட்ரூட் கறியையும் வெள்ளைத் தட்டில் அருகருகே வையுங்கள். கரட்டைச் சுற்றி ஒதுங்கும் எண்ணெய் செம்மஞ்சளாக இருக்கும். பீட்ரூட்டில் நீர் சிவந்திருக்க, மிதக்கும் எண்ணெய்த் துளிகள் அந்நிறத்தை ஏற்காமல் நிற்கும். கரட்டின் கரோட்டீன் கொழுப்பில் மட்டுமே கரையும். எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சி விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். பீட்ரூட்டின் நிறமி நீரில் கரைவது. அவித்த நீரைக் கொட்டினால் நிறமும் அதோடு போய்விடும். அந்தச் சிவப்பு மங்காமலிருக்கச் சிறிது தேசிக்காய்ப் புளி உதவும், ஆனால் துண்டுகள் வெந்து மென்மையான பின்னரே அதை விடவேண்டும். முன்னதாகவே விட்டால், நிறத்தைக் காக்கும் அதே அமிலம் பெக்டினையும் காத்துவிடும், 94 பாகையில் கொதிக்கும் நம் நீரால் அதைக் கரைக்கவே முடியாது.