வளர்ச்சி ஹார்மோன் இடாத மாட்டிறைச்சி: அமெரிக்க விதியும் ஐரோப்பியத் தடையும்

அமெரிக்காவில் இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாடுகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் இடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஆறு பொருள்களை ஏற்றுள்ளது. ஈஸ்ட்ராடையால், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய மூன்றும் உடலிலேயே சுரப்பவை. டிரென்போலோன் அசிடேட், செரனால், மெலன்ஜெஸ்ட்ரால் அசிடேட் ஆகிய மூன்றும் ஆய்வகத்தில் உருவாக்கப்படுபவை. மெலன்ஜெஸ்ட்ரால் கிடாரிகளின் தீவனத்தில் கலக்கப்படுகிறது. மற்றவை, துப்பாக்கி போன்ற கருவியில் பொருத்திய தடித்த ஊசியின் வழியாக, காதின் பின்புறத் தோலுக்கடியில் சிறு வில்லைகளாகப் பதிக்கப்படுகின்றன. காதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: மாட்டை அறுக்கும்போது காது உணவுக்குச் சேராமல் கழிக்கப்படுவதால், வில்லையில் கரையாமல் எஞ்சிய மருந்தும் அதனுடன் போய்விடும். வளர்ப்பின் ஒரே கட்டத்தில் இரண்டாம் முறை வில்லை பதிக்க வேண்டுமானால், அந்த மருந்தின் உறையிலேயே அதற்கான அனுமதி அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் கண்டிப்பாக்கப்பட்டுள்ளது.

காயடித்த காளைகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு வகை வில்லையில் 120 மில்லிகிராம் டிரென்போலோனும் 24 மில்லிகிராம் ஈஸ்ட்ராடையாலும் சேர்ந்திருக்கும். ஈஸ்ட்ராடையால் உடலின் வளர்ச்சிக் காரணிகளைக் கூட்டுகிறது. டிரென்போலோன் தசையில் புரதம் சிதைவதைக் குறைக்கிறது. இதனால் நாளொன்றுக்கு ஏறும் எடை ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை உயர்வதோடு, ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் தீவனமும் குறைகிறது. பண்ணையாளர் இதை விடாமலிருப்பதற்கு அந்தத் தீவனக் கணக்கே காரணம். ஆனால் கூடும் எடையில் பெரும்பங்கு தசையாகவே இருப்பதால், இறைச்சிக்குள் இழையோடும் கொழுப்பு சற்றுக் குறைகிறது. அமெரிக்காவில் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிப்பதே பெரும்பாலும் அந்தக் கொழுப்பைப் பார்த்துத்தான். வீரியமான வில்லைகளை அடுத்தடுத்துப் பதித்தால் இறைச்சியின் மென்மையும் ஓரளவு குறையக்கூடும். இறைச்சியில் தங்கும் ஹார்மோன் எச்சத்தைப் பற்றி எழும் கூச்சலில் இந்தச் சுவைக் கணக்கு பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை.

எச்சத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரசுரங்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்றுண்டு: 85 கிராம் இறைச்சியில், வில்லை பதிக்காத மாட்டுக்கு 1.3 நானோகிராம் (ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோகிராம்) ஈஸ்ட்ரோஜன் (ஈஸ்ட்ராடையால் அடங்கிய ஹார்மோன் வகை), பதித்த மாட்டுக்கு 1.9 நானோகிராம். வேறுபாடு மிகச் சிறிது என்ற இந்த வாதத்தை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கவில்லை. ஈஸ்ட்ராடையால் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அதன் அறிவியல் குழு 1999-இல் கருத்துரைத்தது; 2003-ஆம் ஆண்டின் ஆணை அதை நிரந்தரமாகவும், மற்ற ஐந்தையும் தற்காலிகமாகவும் தடை செய்தது. ஹார்மோன் இட்ட மாட்டின் இறைச்சியை இறக்குமதி செய்வதற்கான தடையோ 1989 முதலே நடப்பில் இருந்தது. அத்தடை முறையான அபாய மதிப்பீட்டின் அடிப்படையில் அமையவில்லை என்று உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 1998-இல் தீர்ப்பளித்த பின்னும் ஐரோப்பா இறங்கி வராததால், மறு ஆண்டு அமெரிக்கா ஆண்டுக்கு 116.8 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மீது கூடுதல் வரி விதித்தது. 2009-இல்தான் ஒரு சமரசம் பிறந்தது: ஹார்மோன் இடாத உயர்தர மாட்டிறைச்சிக்கு மட்டும் ஐரோப்பா தீர்வையில்லா ஒதுக்கீடு தரும். 2019-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, அந்த 45,000 டன் ஒதுக்கீட்டில் அமெரிக்காவின் பங்கு 18,500 டன்னில் தொடங்கி ஏழு ஆண்டுகளில் 35,000 டன்னாக உயரும்.

இந்த ஒதுக்கீட்டில் இடம்பெற விரும்பும் அமெரிக்கப் பண்ணைகள், அந்நாட்டு வேளாண் துறை நடத்தும் ‘ஹார்மோன் இடாத மாடுகள்’ திட்டத்தில் சேர வேண்டும். பிறந்தது முதல் மாட்டுக்கு ஒருமுறைகூட ஹார்மோன் இட்டிருக்கக் கூடாது. மாட்டின் காதில் அடையாள அட்டையும் பண்ணையாளர் கையில் பதிவேடும் இருக்க வேண்டும். பண்ணையும் அறுவைக்கூடமும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். அறுக்கப்படும் மாடு 30 மாதத்துக்கு உட்பட்டதாக இருப்பதுடன், கடைசி 100 நாள் தீவனத்தின் உலர் எடையில் குறைந்தது 62 விழுக்காடு அடர்தீவனமாக (தானியமும் அதன் துணைப்பொருள்களும் போன்றவை) இருக்க வேண்டும்.

கடையில் வாங்குவோர் அறிய வேண்டியது வேறு. இயற்கை ஹார்மோன் எல்லா இறைச்சியிலும் இருப்பதால், ஹார்மோனே இல்லாத இறைச்சி என்று ஒன்று கிடையாது. ‘ஹார்மோன் இடாமல் வளர்க்கப்பட்டது’ என்று மாட்டிறைச்சிப் பொதியில் அச்சிட வேளாண் துறைக்கு ஆவணம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். கோழிக்கு அமெரிக்காவில் ஹார்மோன் இடுவதே விலக்கப்பட்டுள்ளது. எனவே கோழி இறைச்சிப் பொதியில் அதே வாசகம் இருந்தால், அருகிலேயே கூட்டாட்சி விதி அதைத் தடுக்கிறது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.