வெள்ளிக்கோட்டுப் பேத்தை மீனும் அதன் நஞ்சும்

1774 செப்டம்பரில் நியூ கலிடோனியாத் தீவின் கரையோரம் கப்பல் நின்றிருந்தபோது, தீவினர் பிடித்த புதுவகை மீன் ஒன்று கேப்டன் ஜேம்ஸ் குக்கின் மேசைக்கு வந்தது. அதன் ஈரலையும் சினையையும் அவரும், உடன் பயணம் செய்த இயற்கையியலர்களான ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும் ருசி பார்க்கும் அளவுக்கு மட்டுமே உண்டனர். விடிவதற்குள் கைகால்கள் தளர்ந்து மரத்துப்போயின. நீர் நிறைந்த குவளையும் ஓர் இறகும் தம் கையில் ஒன்றுபோலவே தோன்றியதாகக் குக் எழுதிவைத்திருக்கிறார். மூவரும் பிழைத்தனர், அதே மீனின் குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது.

அம்மீனின் அறிவியல் பெயர் லாகோசெபாலஸ் ஸ்கெலராட்டஸ். முதற்சொல் முயலின் தலையையும், அடுத்த சொல் கொடுமையையும் குறிக்கும். முதுகில் கரும்புள்ளிகள், பக்கவாட்டில் வாயிலிருந்து வால்வரை ஓடும் வெள்ளிக்கோடு, வெண்மையான வயிறு ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. அச்சுறுத்தப்பட்டால் நீரை விழுங்கி வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். மேலும் கீழுமாக இணைந்த நான்கு பற்தகடுகள் அலகுபோல் அமைந்திருப்பதால் நண்டின் ஓட்டையும் மீன்வலையையும் எளிதில் வெட்டிவிடும்.

குக் உணர்ந்த அந்த மரப்புக்குக் காரணம் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு. நரம்பில் ஒரு செய்தி நகர வேண்டுமானால், நரம்புச் செல்லின் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். நஞ்சின் மூலக்கூறு அவ்வாயிலின் வெளிப்புறத்தில் தக்கைபோல் பொருந்திக்கொள்கிறது. தொடுவுணர்வையும் எடையையும் மூளைக்குச் சொல்லும் நரம்புகள் ஓய்கின்றன; தசைகளை இயக்கும் நரம்புகளும் ஓய்கின்றன. முதலில் உதடும் நாக்கும் மரத்து, பின் கைகால்கள் செயலிழந்து, இறுதியில் மூச்சை இயக்கும் தசைகள் நின்றுபோகும். நஞ்சு மூளைக்குள் எளிதில் புகுவதில்லை என்பதால், மூச்சுவிட முடியாத நிலையிலும் பலருக்கு நினைவு தெளிவாகவே இருக்கிறது. இந்நஞ்சின் கொடுமை அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மீனுக்கு மட்டும் ஏன் பாதிப்பில்லை? அதன் சோடியம் வாயில்களில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் அந்தத் தக்கை அங்கே சரிவரப் பொருந்துவதில்லை. நஞ்சை மீன் தானே உண்டாக்குவதுமில்லை. கடல்வாழ் பாக்டீரியாக்கள் சில அதை உருவாக்க, உணவுச் சங்கிலி வழியாக அது மீனின் ஈரலிலும் சினையிலும் சேர்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நஞ்சற்ற இரை மட்டும் கொடுத்து வளர்க்கப்பட்ட பேத்தை மீன்களில் நஞ்சு காணப்படாதது இதற்கு வலுச்சேர்க்கிறது.

இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் சேர்ந்த இம்மீன் சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலில் புகுந்தது. 2003இல் துருக்கிக் கரையில் முதன்முதலாகப் பதிவாயிற்று. அங்கு சதையிலும் நஞ்சு கண்டறியப்பட்டிருப்பதால், ஈரலையும் சினையையும் நீக்கிவிட்டால் போதும் என்று நம்புவது பேராபத்து. வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு அழிவதில்லை. அதை முறிக்கும் மருந்தும் இல்லை. உண்டவருக்கு உதடு மரக்கத் தொடங்கியவுடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே செயற்கைச் சுவாசத்தால் உயிரைத் தாங்கிப் பிடித்திருந்தால், நஞ்சு சிறுநீர் வழியாக வெளியேற வெளியேற, மூச்சு மெல்லத் தானாகவே திரும்பும்.