மிருதங்கக்காரர் எழும்பிப் போயிட்டாரா?

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருவதும் என் தொழிலில் ஒரு பகுதி. மட்டக்களப்பில் இதற்கென்று வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “தம்பி, அந்த டக் டக் சத்தம் ஒண்டும் இரிக்கப்படாது.”

தொடக்கத்தில் நானும் அதைத்தான் வேலை என்று நினைத்தேன். கல்லடியிலிருந்து ஒரு ஐயா கச்சேரித் தட்டொன்று கொண்டு வந்தார். ஒடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் முழுப் பக்கத்தையும் தெரிவு செய்து, ‘கிளிக் ரிமூவல்’ ஒரே அமுக்கு. டக் போய்விட்டது. ஐயா ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். “மிருதங்கக்காரர் எழும்பிப் போயிட்டாரா தம்பி?”

மென்பொருள் தேடுவது, திடீரென எழுந்து உடனே விழும் கூர்முனையை. தட்டில் உள்ள கீறலும் அப்படித்தான் எழும், மிருதங்கத்தில் விரல் விழும் முதல் கணமும் அப்படித்தான் எழும். அங்கே ‘த்ரெஷோல்ட்’ என்ற எண் 200இல் நிற்கும். கூட்டினால் கூடச் சுத்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எண்ணைக் குறைக்கக் குறைக்கத்தான் அது அதிகமாகப் பிடுங்கும். நான் மேலே தொடங்கி மெல்ல இறங்குவேன். தனி வீணை என்றால் கொஞ்சம் தாராளமாக இறங்கலாம். தவில், கடம் இருந்தால் சீக்கிரம் நின்றுவிட வேண்டும்.

எங்கே நிற்பது? தடத்தைப் பிரதி எடுங்கள். பிரதியை மட்டும் சுத்தம் செய்து, அலையைத் தலைகீழாக்கும் ‘இன்வெர்ட்’ கொடுத்து, மூலத்தோடு ஒன்றாக மிக்ஸ் பண்ணுங்கள். மிஞ்சுவது நீங்கள் எடுத்து எறிந்தது மட்டும். அது கடுகு வெடிப்பதுபோல் கேட்டால் சரி. அதற்குத் தாளம் போட முடிந்தால் வாத்தியத்தைச் சுரண்டிவிட்டீர்கள்.

பெரிய வெடிப்புகளை அலையைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக ‘ரிப்பேயர்’ செய்வேன். அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள், அதாவது ஒலியை அளந்த புள்ளிகள்தான் ஏற்கும், செக்கனுக்கு 44,100 சாம்பிள் வீதத்தில் 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. வெட்டி எறியாதீர்கள், காலம் சுருங்கித் தாளம் தடுக்கும். குறுக்குக் கீறல் என்றால் தேடுவது சுலபம்: நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத் தட்டில் சுற்றுக்கு 1.8 செக்கன், ஒன்றைக் கண்டால் அடுத்தது எங்கே என்று தெரியும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இரைச்சல் குறைப்பு. சத்தத்தைக் கூட்டுவது கடைசியில், இல்லாவிட்டால் ஒரேயொரு வெடிப்பே உச்ச அளவாக நின்றுவிடும்.

கணினியில் ஏற்றுவதற்கு முதல் தட்டைத் துடைக்க வேண்டும். வாவிக்காற்றின் ஈரத்துக்கு இங்கே தட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கும். பொரிகிற சத்தத்தில் பாதி அதுதான். வைனைல் என்ற பிளாஸ்டிக் தட்டு என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி சவர்க்காரத் திரவம், மெல்லிய துணி, ஊசி ஓடும் தவாளிப்பின் வழியே துடைப்பு. நடு லேபல் நனையக் கூடாது. பாரமான, விழுந்தால் உடைகிற 78 வேகத் தட்டில் மட்டும் ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும்.

ஐயாவின் கதைக்கு வருகிறேன். மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டிருந்தேன், அதுதான் பெரிய பிழை. பாவம், தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். இந்த முறை இரண்டு பின்னேரங்கள் எடுத்தது. கேட்டு முடித்துவிட்டு, “ரெண்டு இடத்தில இன்னும் டக் எண்டுது” என்றார். ஓம், தெரிந்துதான் விட்டேன். இரண்டும் மிருதங்க அடியின் மேலேயே விழுந்திருந்தன.