விம் ஹேங் ஆகல தம்பி, நீதான் நிறுத்தி வச்சிருக்க

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஜூனியர் பையன் போன் பண்றான், "அண்ணே, விம் ஹேங் ஆகி என் ஃபைலயே தின்னுடுச்சு". விம்ங்கறது டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கற கருப்பு விண்டோல ஓடற டெக்ஸ்ட் எடிட்டர். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "கன்ட்ரோல் எஸ் அமுக்குனியா?" அந்தப் பக்கம் சத்தமே இல்ல. இந்த மாசத்துல இது நாலாவது கேஸ்ங்க.

தயவுசெஞ்சு கேளுங்க, விம் ஹேங் ஆகல. கன்ட்ரோல் எஸ்ங்கறது டெர்மினலுக்கு "கொஞ்சம் நிறுத்து"னு சொல்ற சிக்னல், டெலிடைப்ங்கற பழைய தட்டச்சு மிஷின் காலத்துல இருந்து அப்படித்தான். புது விம் வெர்ஷன்கள் பெரும்பாலும் இதுக்கு நிக்காது, பழைய வெர்ஷன்ல நிக்கும். எழுத்துக்கு நம்பர் குடுக்கற ஆஸ்கி பட்டியல்ல இது 19ஆம் நம்பர். அத எடுத்துவிடறது 17, அதாவது கன்ட்ரோல் க்யூ. வேர்டு, நோட்பேட்ல சேவ் பண்ணிப் பண்ணி கை பழகிடுச்சு, அது புரியுது, ஆனா ஸ்கிரீன் நின்னதும் கீபோர்டுல தாளம் போடறீங்க பாருங்க, அதான் வினை. நீங்க தட்டின ஒவ்வொரு எழுத்தும் வரிசைல நிக்குது, கன்ட்ரோல் க்யூ அமுக்கினதும் எல்லாம் மொத்தமா ஓடும், நார்மல் மோடுல (தட்டறத எழுத்தா போடாம கமாண்டா எடுத்துக்கற நிலை) ரெண்டு தடவ டி தட்டியிருந்தா ஒரு வரி காலி. அதனால கைய எடுங்க, கன்ட்ரோல் க்யூ, ஏதாவது மாறியிருந்தா எஸ்கேப் அடிச்சு யூ, அதாவது அன்டூ. அவ்ளோதான்.

நம்மாளு என்ன பண்ணான்னா புட்டி (சர்வர்ல டெர்மினல் திறக்கற சாஃப்ட்வேர்) விண்டோவ மூடிட்டு திரும்பத் திறந்திருக்கான், ஸ்வாப் ஃபைல், அதாவது விம் தானா வச்சுக்கற தற்காலிக ஃபைல் இருக்குனு ஸ்கிரீன் முழுக்க எச்சரிக்கை வந்திருக்கு, படிக்கல, டி அமுக்கி டெலிட். அந்த ஃபைல்லதான்யா அவன் சேவ் பண்ணாத அரை மணி நேர வேலை இருந்துச்சு! 200 எழுத்து அடிச்சாலோ, 4 செகண்ட் கை சும்மா இருந்தாலோ விம் தானா அதுல எழுதி வச்சுக்கும். ஆர் அமுக்கி ரெகவர் பண்ணுங்க, வேற பேர்ல சேவ் பண்ணி ஒப்பிட்டுப் பாருங்க, அப்புறம் ஸ்வாப்ப அழிங்க. அந்த ஃபைல திறந்த பழைய விம் ப்ராசஸ் இன்னும் ஓடுதுனு காட்டுச்சுனா மட்டும் க்யூ (இங்க க்விட்) போட்டு வெளிய வந்து அத முதல்ல கவனிங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, யாரோட விம்ஆர்சியவோ (விம்மோட செட்டிங்ஸ் ஃபைல்) முந்நூறு வரி அப்படியே காப்பி அடிக்கறவங்க. அதுல 'செட் நோஸ்வாப்ஃபைல்'னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், அப்ப ரெகவர் பண்ண ஸ்வாப்பே இருக்காது. புரியாத வரிய போடாதீங்கப்பா, கோலன் ஹெல்ப் அடிச்சா அங்கயே விளக்கம் இருக்கு. ஒரு செட்டிங் எங்கருந்து வந்துச்சுனு தெரியலயா, 'வெர்போஸ் செட்' போட்டு செட்டிங் பேரோட கேள்விக்குறி வைங்க, கடைசியா மாத்தின ஃபைல் பேரயே காட்டும்.

அந்தப் பையனோட பேஷ்ஆர்சில (டெர்மினல் ஷெல் திறக்கறப்ப ஓடற செட்டிங்ஸ் ஃபைல்) அந்த நிறுத்தற சிக்னலையே அணைக்கற 'எஸ்டிடிஒய் மைனஸ் ஐஎக்ஸ்ஆன்' போட்டு விட்டுட்டேன், இனிமே நிக்காது. ஆனா சேவும் ஆகாது தம்பி, எஸ்கேப், கோலன், டபிள்யூ!