காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் மீத்தேன் உருவாகும் விதமும் அதைக் குறைக்கும் வழியும்

நட்டு ஒரு மாதம் ஆன வயலில் இறங்கிக் காலை ஊன்றினால், சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடையும். காவிரி டெல்டாவில் நடவு வயலில் நின்ற எல்லோருக்கும் பழக்கமான காட்சி. அந்தக் குமிழிகளில் மீத்தேன் இருக்கிறது. சி.என்.ஜி. என்று வண்டிகளுக்கு நிரப்புகிறோமே, அதன் பெரும்பகுதி இந்த வாயுதான். வண்டியில் அது எரிந்துவிடுகிறது. வயலில் எரியாமல் அப்படியே காற்றில் கலக்கிறது.

1750 வாக்கில் காற்றின் 100 கோடி மூலக்கூறுகளில் ஏறத்தாழ 730 மீத்தேனாக இருந்தன. இன்று அது 1,900ஐத் தாண்டிவிட்டது. பூமி இதுவரை சூடானதில் சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் மீத்தேனால் வந்தது என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணக்கு. கரியமில வாயுவின் பங்கு சுமார் 0.8 டிகிரி. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதுதான் பருவநிலை மாற்றத்தின் முதல் காரணம், அதில் ஐயம் இல்லை. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில்கூட எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல்; நெல் வயல்களின் பங்கு ஏறத்தாழ 8 சதவீதம். ஆனாலும் மீத்தேனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் காற்றில் நிற்கும்; மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆகவே இன்று குறைத்தால் அதன் பலன் இந்தத் தலைமுறையின் கண்முன்னே தெரியும். இருக்கும் வரை அது பிடித்துவைக்கும் வெப்பமோ மிக அதிகம்: 20 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், சுமார் 80 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், 100 ஆண்டுக் கணக்கில் 27 கிலோவுக்கு.

வயல் ஏன் மீத்தேன் உண்டாக்குகிறது? மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் நம்மைப் போலவே சுவாசிக்கின்றன. வைக்கோல், வேர்க்கசிவு, மட்கு ஆகியவற்றை உண்டு, அதில் கிடைக்கும் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. வயலில் தண்ணீர் கட்டியதும் கதவு மூடப்படுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு நுண்ணுயிர்கள் வேறு பொருள்களிடம் எலக்ட்ரான்களைக் கொடுக்கத் தொடங்குகின்றன. முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, அதன்பின் இரும்பு, அதன்பின் சல்ஃபேட். மண்ணின் செம்பழுப்பு மங்கிச் சாம்பல் நிறமாவது இரும்பின் முறை நடக்கும்போது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்ஃபேட்டின் முறை வந்துவிட்டது என்று பொருள். பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும்.

இந்தக் கையிருப்பு எல்லாம் தீர்ந்த பிறகே மீத்தேனின் நேரம் வருகிறது. அதை உண்டாக்குபவை ஆர்க்கியா என்ற தொன்மையான நுண்ணுயிர் வகையைச் சேர்ந்தவை. பாக்டீரியாவிலிருந்து வேறானவை, ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும். அசிட்டேட்டை உடைத்தும், ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்தும் இவை மீத்தேனை உருவாக்குகின்றன. கடலோர உப்பு நிலங்களில் சல்ஃபேட் நிறைய இருப்பதால் அங்கே மீத்தேன் குறைவாக வருவதும் இந்த வரிசை முறையால்தான்.

உருவான மீத்தேன் வெளியேறும் வழி இன்னும் வியப்பானது. குமிழியாகப் போவது சிறு பகுதி. பெரும்பகுதி, பல அளவீடுகளில் 90 சதவீதம் வரை, நெற்பயிரின் உடல் வழியாகவே போகிறது. தண்ணீரில் நிற்கும் பயிர் வேருக்கு ஆக்சிஜன் அனுப்பத் தண்டுக்குள் காற்றுக் குழல்களை வைத்திருக்கிறது. அதே குழல் வழியே மண்ணின் மீத்தேன் மேலேறி இலையுறை ஓரங்களில் வெளியே வருகிறது. தூர் கட்டித் தழைத்த வயலில் குமிழி எதுவும் கண்ணில் படாமலேயே மீத்தேன் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது தீர்வுக்கு வருவோம். வயலைச் சில நாள் காயவிட்டால் காற்று உள்ளே போகிறது. ஆர்க்கியா முடங்கும் என்பது இதில் பாதிப் பலன்தான். மறுபாதி இரும்பில் இருக்கிறது. ஆக்சிஜன் பட்டதும் எலக்ட்ரான் வாங்கிக் களைத்த இரும்பு மறுபடி பழைய நிலைக்கு வருகிறது; தீர்ந்துபோன சேமிப்பு நிரம்புவது மாதிரி. மீண்டும் தண்ணீர் கட்டும்போது நுண்ணுயிர்கள் அந்தச் சேமிப்பை முதலில் செலவழித்தாக வேண்டும். அது தீரும்வரை மீத்தேன் தலைதூக்காது. சில நாள் காய்ச்சல், தண்ணீர் நிற்கும் நாள்களுக்கும் சேர்த்துப் பலன் தருவது இப்படித்தான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வைப்பது என்று நம் விவசாயிகள் சொல்வதன் வேதியியல் இது.

அளவு எவ்வளவு? தொழுவுரமோ வைக்கோலோ சேர்க்காமல், எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலுக்குத் தெற்காசியச் சராசரியாக ஐ.பி.சி.சி. தருவது ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன், 112 நாள். அதாவது ஏக்கருக்கு ஒரு போகத்தில் சுமார் 38 கிலோ. குறுகிய காலப் பயிரான குறுவை, நட்ட வயலில் நிற்கும் நாள் இதைவிடக் குறைவு என்பதால் எண்ணும் குறையும். பலமுறை காயவிட்டால் 0.55ஆல் பெருக்க வேண்டும் என்கிறது அதே கணக்கு: 21 கிலோ. மிச்சம் 17 கிலோ மீத்தேன். 27ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 460 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும். ஆக, இது 200 லிட்டர் பெட்ரோல்.

இப்படிப்பட்ட எண்களைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்கு வரலாறு உண்டு. 1990 வாக்கில் இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 38 மில்லியன் டன் மீத்தேன் விடுவதாக வெளிநாட்டு மதிப்பீடு ஒன்று சொன்னது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஒருங்கிணைப்பில் 1991இல் நாடெங்கும் வயல்களில் பயிரின்மேல் பெட்டி வைத்து, அதில் சேரும் வாயுவை அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ 4 மில்லியன் டன். அன்று நம் நெற்பரப்பில் பாதிக்கு மேல் மானாவாரி; அது இடையிடையே தானாகவே காய்ந்துவிடும். அதைக் கணக்கில் எடுக்காததால் வந்த பிழை பத்து மடங்கு.

செயல்முறைக்குத் தேவையான கருவி ஒரு குழாய்த்துண்டுதான். 4 முதல் 6 அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாயை ஓரடி நீளம் வெட்டிக்கொள்ளலாம், மூங்கிலும் ஆகும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் துளைகள், 2 சென்டிமீட்டர் இடைவெளியில். வரப்பிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில், வயலின் சராசரி மட்டம் உள்ள இடத்தில், அரை அடி மண்ணுக்குள்ளும் அரை அடி வெளியிலுமாக இறக்கி, உள்ளே புகுந்த சேற்றை அடிவரை அள்ளி எடுத்துவிட வேண்டும். வயலில் தண்ணீர் இருக்கும்போது குழாய்க்கு உள்ளும் வெளியும் ஒரே மட்டம் காட்ட வேண்டும். சில மணி நேரம் கழித்தும் வேறுபட்டால் துளை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி வைக்க வேண்டும்.

நட்ட முதல் 10, 15 நாள் நாற்று வேர் பிடிக்கும் காலம்; தண்ணீர் நிற்கட்டும். களை அதிகமுள்ள வயலில் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம், ஏனென்றால் நிற்கும் தண்ணீர்தான் களையை அமுக்குகிறது. அதன்பின் மடையை அடைத்துவிட்டுக் குழாயைப் பார்த்துவர வேண்டும். மேற்பரப்பில் தண்ணீர் மறைந்ததும் பயிர் வாடிவிடும் என்று பதற வேண்டியதில்லை. வேர் கீழே தண்ணீரில்தான் இருக்கிறது. குழாய்க்குள் மட்டம் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். மண்ணையும் வெயிலையும் பொறுத்து இதற்கு ஒரு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்வரை காயவிடக் கூடாது. அந்த நேரத்தில் தண்ணீர் தட்டினால் கதிர் பதராகும். பால் பிடித்த பிறகு மறுபடி பழைய முறைக்குத் திரும்பலாம். 15 சென்டிமீட்டர் எல்லையைத் தாண்டாதவரை மகசூல் குறைவதில்லை; தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

தவறுவது எங்கே? பெரும்பாலும் வயல் மட்டத்தில். ஒரு மூலை மேடாகவும் ஒரு மூலை பள்ளமாகவும் இருந்தால் மேட்டில் பயிர் வாடும்போது பள்ளத்தில் தண்ணீர் நின்று மீத்தேன் வந்துகொண்டே இருக்கும். குழாய் எந்த மூலையில் நிற்கிறதோ அந்த மூலையின் கதையை மட்டும் சொல்லும். லேசர் சமன்படுத்தும் கருவிக்குச் செலவழிக்கும் பணம் இதில் வீண்போகாது. அடுத்தது களிமண் வெடிப்பு. மயிரிழை வெடிப்பு வரலாம், நல்லதே. விரல் நுழையும் வெடிப்பாகிவிட்டால் அடுத்து பாய்ச்சும் தண்ணீர் அதன் வழியே அடிமண்ணுக்கு ஓடிவிடும். மிச்சம் பிடித்த தண்ணீர் போய்விடும். மணற்பாங்கான நிலத்தில் தண்ணீர் எப்படியும் நிற்காது, குழாய்க்கு அங்கே வேலை குறைவு.

யூரியாவில் தனிக் கவனம் தேவை. காய்ந்த மண்ணில் அமோனியம் நைட்ரேட்டாக மாறும். தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட் நைட்ரஜனாகவும், ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகவும் பறந்துவிடும். நைட்ரஸ் ஆக்சைடு கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடாக்கும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இடும் வயலில், தொடர்ந்து நீர் நிற்பதோடு ஒப்பிட, காய்ச்சலால் கூடும் நைட்ரஸ் ஆக்சைடு ஐ.பி.சி.சி. கணக்குப்படி சுமார் 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 460இல் 50 கழிந்தாலும் லாபம் 400க்கு மேல். அந்த 50ஐயும் குறைக்கலாம்: தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் ஈரம் சுண்டிய மண்ணில் மேலுரமிட்டு உடனே பாய்ச்சினால் யூரியா வேர்ப்பகுதிக்கு இறங்கும். உரமிட்ட பின் வயலை வடியவிடுவதுதான் மிக மோசமான வரிசை. பணமும் காற்றில் போகிறது.

ஆனால் தண்ணீரைவிடப் பெரிய காரணி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அது வைக்கோல். ஏக்கருக்கு 2 டன் காய்ந்த வைக்கோலை, மண்ணைச் சேறாக்கும் தொழி உழவுக்குச் சற்று முன் மடக்கி உழுதால் அந்தப் போகத்தின் மீத்தேன் ஏறத்தாழ மூன்று மடங்காகும்: 38 கிலோ 110ஐத் தொடும். ஆர்க்கியாவுக்கு விருந்து வைத்த மாதிரி. அதே வைக்கோலை 30 நாளுக்கு மேல் முன்னதாக, ஈரப்பதமுள்ள காற்றோட்டமான மண்ணில் உழுதுவிட்டால் ஒன்றரை மடங்கோடு நிற்கும். எளிதில் மட்கும் பகுதி ஆக்சிஜன் இருக்கும்போதே கரியமில வாயுவாகப் போய்விடுவதே காரணம். மட்கிய எருவாக்கி இட்டாலும் இப்படித்தான். கொளுத்துவது வழியல்ல, புகையும் சத்திழப்பும் தனிக் கேடு.

டெல்டாவில் இந்த 30 நாள் கிடைப்பது அரிது. குறுவை அறுத்த தாள் நிற்கும்போதே அடுத்த நடவுக்கு உழுவதால்தான் அந்தப் போகத்துக்குத் தாளடி என்று பெயர். அறுவடை இயந்திரம் வந்தபின் வயலில் தங்கும் தாளும் கூளமும் கையறுப்புக் காலத்தைவிடக் கூடிவிட்டன. இடைவெளி இரண்டு, மூன்று வாரம்தான் என்றால் வைக்கோலைக் கட்டுக்கட்டி மாட்டுக்கோ காளான் வளர்ப்புக்கோ வெளியே எடுத்துவிட்டு, அடித்தாளை மட்டும் அறுத்த கையோடு உழுவது நல்லது. சம்பா, தாளடியில் வடகிழக்குப் பருவமழையின்போது வயலைக் காயவிட யாராலும் முடியாது. வடிகாலே நிரம்பி நிற்கும். ஆகவே அந்தப் போகங்களில் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் வைக்கோல்தான். காய்ச்சலும் பாய்ச்சலும் முழுப்பலன் தருவது குறுவையிலும், மழைக்காலம் முடிந்து வரும் நவரையிலும்.

சூடு கூடுவதால் முதலில் அடிபடும் பயிர்களில் நெல்லும் ஒன்று. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1979 முதல் 2003 வரையான வானிலைப் பதிவையும் வறண்ட பருவ மகசூலையும் ஒப்பிட்டதில், இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைவது தெரிந்தது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் சூடான இரவில் சுவாசித்தே கூடுதலாகச் செலவழிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தாலே மகரந்தம் சரியாக உதிராமல் பதர் கூடும். மண் சூடானால் ஆர்க்கியாவும் வேகமாக வேலை செய்யும், மீத்தேனும் கூடும்.

கடைசியாக, குழாய் சொல்வதைக் கேட்க விவசாயிக்கு அதிகாரம் இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் வேண்டியபோது மோட்டார் போடலாம். வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பி அதன் கடைசி முனையில் இருக்கும் கடைமடைக்காரர், மட்டம் 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த தண்ணீர் முறை தள்ளிப்போனால் பயிரை இழப்பார். எனவே அவர் தண்ணீர் வரும்போதெல்லாம் வயலை நிரப்பி வைக்கிறார். அவர் நிலையில் அதுதான் சரியான முடிவு. ஒரு கிளை வாய்க்காலின் வயல்களுக்கெல்லாம் சேர்த்து, முறை வரும் தேதியை முன்கூட்டியே உறுதியாக அறிவித்து, அந்தத் தேதியில் கடைமடைவரை தண்ணீர் எட்டினால்தான் அவர் துணிந்து மடையை அடைப்பார்.