லாபமே இல்ல, அப்புறம் எதுக்கு சார் ஃபார்ம்?

மறுபடியும் அதே கேஸ். கோயம்புத்தூர்ல உக்காந்து நல்லா கோட் எழுதற பையன், கார்டுல பணம் வாங்கறதுக்கு ஸ்ட்ரைப் அக்கவுண்ட் வேணும்னு ஆன்லைன்லயே அமெரிக்காவுல டெலவேர்ல ஒரு எல்எல்சி (ஒரு வகை கம்பெனி) போட்டுட்டான், ஓனர் அவன் ஒருத்தன்தான். "வருஷா வருஷம் ஜூன் 1க்குள்ள 300 டாலர் கரெக்டா கட்டிடறேன் சார், வேற என்ன பாக்கி?"ங்கறான். தம்பி, அது டெலவேர் மாநிலத்துக்குக் கட்டற காசு. அமெரிக்க மத்திய வரித்துறை ஐஆர்எஸ்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

அமெரிக்கர் இல்லாத ஒருத்தர் முழுசா வெச்சிருக்கற எல்எல்சி, 2017லேர்ந்து வருஷா வருஷம் ஐஆர்எஸ்ஸுக்கு ஃபார்ம் 5472 போடணும், கூடவே பேருக்கு ஒரு 1120 (கம்பெனி வருமான வரி ஃபார்ம்). போடலைன்னா 25,000 டாலர் அபராதம். 10,000ஆ இருந்தத 2017 வரிச் சட்டத்துலதான் ஏத்துனாங்க. நோட்டீஸ் வந்து 90 நாள் தாண்டியும் போடலைன்னா ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 25,000. அரைகுறையா நிரப்பி அனுப்பினாலும் போடாததா எடுத்துக்கலாம்.

உடனே எல்லாரும் கேக்கறது, "லாபமே இல்லையே சார், டாக்ஸே வராதே?" சரி, வராதுன்னே வெச்சுக்குவோம். அங்க ஆபீஸ் இல்ல, ஆள் இல்ல, வேலை பூரா இங்கேருந்துதான்னா பெரும்பாலும் வராதுதான். ஆனா இது வரி கட்டற ஃபார்மே இல்லீங்க, கம்பெனிக்கும் ஓனருக்கும் நடுவுல என்ன பணம் போச்சு வந்துச்சுன்னு தகவல் சொல்ற ஃபார்ம், அதனால அபராதம் வரியில இத்தனை சதவீதம்னு கணக்கு போட மாட்டாங்க, வரி பூஜ்யமா இருந்தாலும் அபராதம் முழுசா வரும். "ஒண்ணுமே நடக்கலையே"ன்னு அடுத்தது ஆரம்பிப்பாங்க. அந்த 300 டாலர் யார் கார்டுல கட்டினீங்க? சொந்த கார்டுலதானே? நீங்க கம்பெனிக்குள்ள பணம் போட்டதா அர்த்தம், அதையும் ஃபார்ம்ல காட்டணும். மொதல்ல கம்பெனி பதிய ஆன செலவும் அப்படித்தான், அப்புறம் உங்க அக்கவுண்டுக்கு எடுத்த பணமும் அப்படித்தான். (கம்பெனி பதிஞ்சு கொடுத்த ஏஜென்ட் எல்லாத்தையும் பாத்துப்பாருன்னு நம்பறவங்க அவங்க பேக்கேஜ்ல என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது படிங்க.)

கெடு ஏப்ரல் 15. முடியலைன்னா அதுக்குள்ள ஃபார்ம் 7004 போட்டு ஆறு மாசம் வாங்கிக்கலாம். 5472, 1120 ரெண்டையும் ஆன்லைன்ல ஃபைல் பண்ண முடியாது, ஃபேக்ஸ் இல்லன்னா தபால்தான். 1120 தலைப்புல "ஃபாரின் ஓன்ட் யு.எஸ். டிஇ"ன்னு இங்கிலீஷ்ல பெருசா எழுதணும், நிறைய பேர் அத விட்டுடறாங்க. ஃபேக்ஸ் போன உறுதிச் சீட்ட பத்திரமா வைங்க, நாளைக்கு நோட்டீஸ் வந்தா காட்டறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கும். கம்பெனிக்கு ஐஆர்எஸ் கொடுக்கற இஐஎன் நம்பர் இல்லாம இது எதுவும் நடக்காது, அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (எஸ்எஸ்என்) இல்லாதவங்களுக்கு அது கைக்கு வரவே வாரக்கணக்குல ஆகும், மார்ச் கடைசியில வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

இங்க இந்தியாவுல வருமான வரி ரிட்டர்ன்ல (ஐடிஆர்) வெளிநாட்டுச் சொத்து காட்டற ஷெட்யூல் எஃப்ஏ இருக்கு, அதுலயும் இந்த எல்எல்சியைக் காட்டணும். ஃபெமா (அன்னியச் செலாவணிச் சட்டம்) பக்கம் தனிக் கதை, கம்பெனி போடறதுக்கு முன்னாடியே கேளுங்க.

பழைய வருஷம் விட்டுப்போச்சுன்னா தயவுசெஞ்சு பயந்து ஒளிஞ்சுக்காதீங்க. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நாமளா போட்டு, லேட்டானதுக்கு நியாயமான காரணத்த எழுதிக் கொடுத்தா பேசறதுக்காவது இடம் இருக்கு. "பேசாம மூடிடறேன் சார்"னா மூடுங்க, ஆனா மூடற வருஷத்துக்கும் 5472 உண்டு, கடைசியா அக்கவுண்ட்லேர்ந்து எடுத்த பணத்தோட சேர்த்து.